லீக் திரும்பி வருகிறது, சரி. கிட் மேன் திரும்பி வருவாரா?

ஆசிரியர் அவர்களுக்கு,

இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கால்பந்து 2026 பிப்ரவரி 14 அன்று ஆரம்பிக்கும், 14 கிளப்களும் ஆடும் என்று மத்திய விளையாட்டு அமைச்சர் மன்சுக் மாண்டவியா அறிவித்த செய்தியை உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் படித்தேன். சந்தோஷம்தான். ஜூலையிலிருந்து இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் கிடந்த லீக், எப்படியோ உயிரோடு வந்தால் போதும் என்ற நிலைமைக்கு எங்களை மாதிரி ரசிகர்கள் வந்துவிட்டோம். ஆனால் அந்தச் செய்தியை இரண்டு தடவை படித்தும் ஒரு விஷயம் கண்ணில் படவில்லை. முதலாளிகள் என்ன சொன்னார்கள், சம்மேளனம் என்ன சொன்னது, வீரர்கள் எவ்வளவு கஷ்டப்பட்டார்கள் என்று எல்லாம் இருக்கிறது, கிளப்பில் வேலை பார்த்த மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று ஒரு வரி இல்லை. உங்கள் பேப்பரை மட்டும் குறை சொல்லவில்லை, நான் பார்த்த வரைக்கும் எல்லாருமே அப்படித்தான் எழுதினார்கள்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், தொடர்ந்து பார்க்காதவர்களுக்காக. அகில இந்திய கால்பந்து சம்மேளனத்துக்கும் ரிலையன்ஸ் பக்கத்துக்கும் இந்தியக் கால்பந்தின் வணிக உரிமைக்காக 2010இல் 15 வருஷத்துக்குப் போட்ட ஒப்பந்தம், அது 2025 டிசம்பர் 8இல் முடிகிறது என்பது போட்ட அன்றைக்கே தெரிந்த விஷயம். சம்மேளனத்தின் சட்ட விதிகள் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருந்ததால் புது ஒப்பந்தம் போட முடியவில்லை என்றார்கள். 2025 ஜூலையில், லீக்கை நடத்திய ரிலையன்ஸ் பக்கத்து நிறுவனமான எஃப்எஸ்டிஎல், இந்த சீசனை நிறுத்தி வைக்கிறோம் என்று கிளப்களுக்குக் கடிதம் அனுப்பிவிட்டது. ஆகஸ்ட் முதல் வாரத்தில் வரிசையாக விழுந்தது. பெங்களூரு எஃப்சி, முதல் அணி வீரர்களுக்கும் ஊழியர்களுக்கும் சம்பளத்தைக் காலவரையின்றி நிறுத்துவதாக அறிவித்தது. ஒடிஷா எஃப்சி ஒப்பந்தங்களை நிறுத்தி வைத்தது. நம்ம சென்னையின் எஃப்சியும் செயல்பாடுகளைத் தற்காலிகமாக நிறுத்துவதாகச் சொல்லிவிட்டது, இரண்டு தடவை பட்டம் வென்ற கிளப், 2015இலும் 2017-18இலும். அப்புறம் அக்டோபரில் சம்மேளனம் லீக்கை நடத்த டெண்டர் விட்டது, நவம்பரில் திறந்து பார்த்தால் ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. டிசம்பரில் மும்பை சிட்டியிலிருந்து மான்செஸ்டர் சிட்டியின் தாய் நிறுவனமே பங்கை விட்டுவிட்டுக் கிளம்பிப் போனது.

இதில் வீரர்களுக்கு வந்த கஷ்டத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது, கால்பந்து வீரருக்கு விளையாடும் வயது பத்துப் பன்னிரண்டு வருஷம்தான், அதில் ஒரு சீசன் போவது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அவர்களுக்கு ஒரு கதவாவது இருக்கிறது. ஃபிஃபா விதிப்படி இரண்டு மாதச் சம்பளம் வரவில்லை என்றால், 15 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு வீரர் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு போகலாம். வெளிநாட்டு வீரர் நேராக ஃபிஃபாவிடம் போவார், கிளப் பணம் கட்டும் வரைக்கும் புது ஆள் எடுக்கத் தடை விழும், கிளப்களும் அந்தத் தடைக்குப் பயப்படுவார்கள். இந்திய வீரருக்குச் சம்மேளனத்தில் கமிட்டி இருக்கிறது. கோச்சுக்கும்கூட இப்போது ஃபிஃபா விதியில் இடம் கொடுத்துவிட்டார்கள்.

வீரர்களின் ஜெர்சி, பூட்ஸையெல்லாம் பார்த்துக்கொள்ளும் கிட் மேன் எங்கே போவார்? மசாஜ் செய்பவர்? வீடியோ அனலிஸ்ட், டிக்கெட் பிரிவில் இருந்த பெண், ட்விட்டரில் கோல் போட்ட அடுத்த நொடி போஸ்டர் போடும் பையன், பள்ளிக்கூடங்களுக்குப் போய்க் குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் ஜூனியர் கோச்? இவர்களில் நிறையப் பேருக்கு சீசனுக்கு சீசன்தான் ஒப்பந்தம். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டால் "வேலையை விட்டு எடுத்தார்கள்" என்றுகூடச் சொல்ல முடியாது, காகிதத்தில் எல்லாம் சரியாக முடிந்திருக்கும். கிளப்புக்கு லைசென்ஸ் கொடுக்கும்போது ஊழியர்களுக்குச் சம்பள பாக்கி இருக்கிறதா என்று பார்க்கும் விதி உண்டு. புதுப்பிக்காத ஒப்பந்தத்துக்கு பாக்கி எங்கிருந்து வரும்? அந்தக் கட்டத்தில் டிக் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம்.

எனக்குத் தெரிந்த ஒருத்தர் ஒரு கிளப்பில் கிட் வேலை பார்த்தவர், எந்தக் கிளப் என்று சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அவருக்கு இன்னும் அங்கே திரும்பக் கூப்பிடுவார்கள் என்ற நம்பிக்கை. மேட்ச் அன்றைக்கு மற்ற எல்லாருக்கும் முன்னால் ஸ்டேடியத்துக்குப் போய் ஒவ்வொரு ஆளுக்கும் இரண்டு செட் ஜெர்சி மாட்டி வைப்பார், எந்த வீரருக்கு எந்த ஸ்டட் வைத்த பூட்ஸ், யார் சாக்ஸை வெட்டிப் போட்டுக்கொள்வார் என்பதெல்லாம் மனப்பாடம், ஆட்டம் முடிந்து எல்லாரும் பஸ்ஸில் ஏறின பிறகு சேறும் வியர்வையுமாக மூட்டை கட்டி லாண்டரிக்கு ஏற்றிவிட்டு நடு ராத்திரியில் வீட்டுக்கு வருவார். அவருடைய ஒப்பந்தம் கிளப் பெயரிலேயே இல்லை, ஒரு ஏஜென்சி பெயரில். லேபர் ஆபீஸுக்குப் போகலாமா என்று கேட்டதற்கு, "போனால் ஏஜென்சிமேல்தான் கேஸ் போடணும்ணே, கிளப்புக்கு ஒண்ணும் ஆகாது" என்று சிரித்தார். இப்போது பைக் டாக்ஸி ஓட்டுகிறார்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது, அதை யாரும் போட்டுப் பார்த்த மாதிரி தெரியவில்லை. 2024-25 சீசனில் ஒவ்வொரு கிளப்பும் 24 ஆட்டம் ஆடியது, அதில் 12 சொந்த ஊரில். இந்தத் தடவை ஒருத்தரோடு ஒருத்தர் ஒரே ஒரு முறை, மொத்தம் 91 ஆட்டம், அப்படியென்றால் ஒரு கிளப்புக்கு 13, சொந்த ஊரில் ஆறோ ஏழோதான். ஸ்டேடியத்தில் மேட்ச் நாள் கூலிக்கு வருபவர்கள், கேட்டில் நிற்பவர்கள், ஸ்டாண்டில் தண்ணீர் பாட்டில் விற்பவர்கள், இவர்களுக்கு லீக் முழுசாகத் திரும்பி வந்தாலும் வருமானம் பாதிதான். முழுச் சம்பளத்தில் பழைய ஊழியர்களையெல்லாம் இந்த 13 ஆட்டத்துக்காகக் கிளப்கள் திரும்ப எடுப்பார்கள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. பாதிப் பேரை வைத்து ஓட்டிப் பார்ப்பார்கள், ஓடிவிட்டால் அடுத்த சீசனுக்கும் அதுவே வழக்கம் ஆகிவிடும்.

முதலாளிகள் பக்கம் நியாயமே இல்லையா என்றால், இருக்கிறது. லீக் நடக்குமா என்றே தெரியாதபோது மாதா மாதம் சம்பளம் கொடு என்று அவர்களிடம் எவ்வளவு காலம் சொல்ல முடியும்? இந்த விளையாட்டில் லாபம் பார்த்த கிளப் இங்கே அரிது என்பது எல்லாருக்கும் தெரியும். பெங்களூரு அறிக்கையில் இளையோர் அணிகளும் கால்பந்துப் பள்ளிகளும் பாதிக்கப்படாது என்று தெளிவாகச் சொன்னார்கள், அதைப் பாராட்டுகிறேன். என் கோபம் அதிகமாகச் சம்மேளனத்தின் மேல்தான். 15 வருஷம் முன்னாலேயே முடிவு தேதி தெரிந்த ஒப்பந்தத்துக்குக் கடைசி வருஷத்தில் அலைந்தால் அதை எப்படி எதிர்பாராத நெருக்கடி என்று சொல்வது!

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இது புதுசும் இல்லை. கோயம்புத்தூரில் ஆடிய சென்னை சிட்டி எஃப்சி ஞாபகம் இருக்கிறதா? ஐஎஸ்எல்லோடு அப்போது நடந்த இன்னொரு தேசிய லீக்கான ஐ-லீக்கில், 2018-19இல், ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு பாயின்ட்டில் பின்னால் தள்ளி சாம்பியன் ஆனது. சுவிட்சர்லாந்தின் பாசெல் கிளப் வந்து 26 சதவீதப் பங்கு வாங்கியது. அகாடமி, வெளிநாட்டுப் பயிற்சி என்று என்னென்னவோ பேசினார்கள். 2020-21க்கு அப்புறம் அந்தக் கிளப் ஐ-லீக்கிலேயே இல்லை. கோப்பை படம் கூகுளில் தேடினால் கிடைக்கும், அந்த கிளப்பில் வேலை பார்த்தவர்கள் எங்கே என்று எந்தப் பேப்பரும் தேடவில்லை. 2021-22 ஐஎஸ்எல் கோப்பையை ஜெயித்த ஹைதராபாத் கதையும் கிட்டத்தட்ட இதுதான், இரண்டு வருஷத்துக்குள் சம்பள பாக்கி, ஃபிஃபா தடை, இப்போது அந்த அணி டெல்லிக்குப் போய் வேறு பெயரில் இருக்கிறது. வீரர்கள் வேறு கிளப்புக்குப் போனார்கள், ஹைதராபாத்தில் வீடு வாடகைக்கு எடுத்துக் குடும்பத்தோடு இருந்த ஆபீஸ் ஊழியர் டெல்லிக்குப் போயிருப்பாரா?

வியாசர்பாடி மாதிரி இடங்களிலிருந்து தனபால் கணேஷ் போன்றவர்கள் ஐஎஸ்எல் வரைக்கும் போனதைப் பற்றி நாம் பெருமையாக எழுதுகிறோம், எழுத வேண்டியதுதான். அதே தெருக்களில் ஆடி, அந்த அளவுக்கு ஆட்டம் வராமல், ஆனால் கால்பந்தை விடவும் மனசில்லாமல் கோச்சிங் லைசென்ஸ் எடுத்தும், மைதானத்தைப் பராமரித்தும், கிட் தூக்கியும் பிழைப்பவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம்.

அதனால் உங்கள் நிருபர்களிடம் ஒரு வேண்டுகோள். சீசன் தொடங்கும் முன் கிளப்கள் பிரஸ் மீட் வைப்பார்கள், புது வீரர்களை அறிமுகப்படுத்துவார்கள். அங்கே மூன்று கேள்வி கேளுங்கள். ஜூலையில் உங்களிடம் எத்தனை ஊழியர்கள் இருந்தார்கள், இப்போது எத்தனை பேர்? ஏஜென்சி மூலமாக வேலை பார்த்தவர்களுக்கு நிறுத்தி வைத்த மாதங்களுக்கு ஏதாவது கொடுத்தீர்களா? திரும்ப ஆள் எடுக்கும்போது பழைய ஆட்களுக்கு முதல் வாய்ப்பு உண்டா? பதில் சொன்னால் போடுங்கள், சொல்லாவிட்டால் சொல்லவில்லை என்று கிளப் பெயரோடு போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கால்பந்து ரசிகன்,
பெரம்பூர், சென்னை