சிறுவர் கால்பந்துக் குழு: செயலாளரின் ஆண்டறிக்கை

சங்கத் தலைவருக்கும் தங்கச்சிமடம் ஊர்ப் பெரியவர்களுக்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு நாம் அதிகம் பேசிய விஷயம் ஒன்றுதான்: மாலை ஒன்றரை மணி நேரத்தில் பயிற்சிக்கு எவ்வளவு, ஆட்டத்துக்கு எவ்வளவு?

தொடக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கோன்களைச் சுற்றி ஓடவிட்டோம். வரிசையில் நிற்கும் பிள்ளைகள் தங்கள் முறை வரும்வரை காலால் மணலைக் கிளறிக்கொண்டிருப்பார்கள். "அண்ணா, மேட்ச் எப்ப?" என்று தினமும் கேட்பார்கள். மெல்ல வருகை குறைந்தது. ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. விசைப்படகுக்குப் போகும் அப்பாக்கள் அந்த 61 நாளும் கரையில் இருந்தார்கள். மைதானத்துக்கு வந்து பார்த்துவிட்டு, "பிள்ளைகள விளையாட விடுங்கப்பா" என்றார்கள்.

சரி என்று அணிக்குப் பதினொரு பேராக முழு ஆட்டம் விட்டோம். அதுவும் சரிப்படவில்லை. பந்து ஒன்று, கால்கள் நாற்பத்து நான்கு. பெரிய பையன்கள் நாலு பேரிடமே பந்து சுற்றியது. பின்னால் நின்ற ஒரு சிறுமி அரை மணி நேரத்தில் ஒருமுறைகூடப் பந்தைத் தொடவில்லை. அது இன்னும் எனக்கு உறுத்துகிறது.

ஜூலையில் முறையை மாற்றினோம். வந்ததும் நாலுக்கு நாலு, சின்ன கோல், கோல்கீப்பர் கிடையாது. இருபது நிமிடத்தில் பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று தெரிந்துவிடும். அதை மட்டும் எடுத்துப் பழக்கிவிட்டு, அப்புறம் மறுபடி ஆட்டம். அது கச்சான் காற்று வீசும் காலம். உயர அடித்த பந்தெல்லாம் காற்றோடு போனதும், தரையோடு எப்படி பாஸ் செய்வது என்று பிள்ளைகளே வந்து கேட்டார்கள்.

எல்லாமே ஆட்டத்தில் வந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். இடது கால் அப்படி வராது. கோல் போடும் அவசரத்தில் வலது காலுக்கே பந்தை மாற்றுவார்கள். அதற்கு மட்டும் இரண்டிரண்டு பேராக நிறுத்தி, தினமும் பத்து நிமிடம் தனியாகப் பழக்குகிறோம்.

12 வயது வரையுள்ளவர்களுக்கு 4-ஆம் எண் பந்து வாங்கினோம். கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் தேங்கிப் பல நாள் பயிற்சி இல்லை.

நாலுக்கு நாலு என்றால் ஒரே நேரத்தில் மூன்று ஆட்டம் நடக்கும். மூன்றையும் பார்க்க ஆள் போதவில்லை. வரும் தடைக்காலத்தில் அப்பாக்கள் மாலை ஐந்து மணிக்கு மைதானத்துக்கு வந்தால் போதும். விசில் நாங்கள் தருகிறோம், விதிகளையும் சொல்லித்தருகிறோம்.