கொல்றதும் பொறக்குறதும் ஒரே வேரா?

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

போன இதழ்ல வந்த வேர்ச்சொல் கட்டுரைய ரசிச்சுதான் படிச்சுட்டு வந்தேன், ஆனா பாரசீகத்துல அடிக்கிறதுக்குச் சொல்ற 'ஃஜதன்' (ஃஜ-வ இங்கிலீஷ் z மாதிரி படிங்க), சமஸ்கிருதத்துல பொறக்குறதுக்கு இருக்குற 'ஜன்', ரெண்டும் ஒரே வேர்னு போட்டிருக்கு பாருங்க, அங்க மனசு கேக்கல.

ஃஜதனுக்கு சமஸ்கிருதத்துல கூடப்பொறந்தது 'ஹன்'. கொல்லு, அடின்னு அர்த்தம். சமஸ்கிருதத்துக்கும் பாரசீகத்துக்கும் பொதுவான தாய்மொழி, அதான் மூல இந்தோ-இரானியம், அதுல இருந்த வடிவத்த 'ஜ்ஹன்'னு ஒரு நட்சத்திரக் குறி வெச்சு எழுதுவாங்க, எந்தக் கல்லுலயும் ஏட்டுலயும் கிடைச்சது இல்ல, பிள்ளைங்க ஜாடைய வெச்சுத் தாத்தா மூஞ்சிய வரையுற வேலைதான். சமஸ்கிருதத்துல அந்த ஜ்ஹ தேஞ்சு 'ஹந்தி' (கொல்றான்) ஆச்சு, ஆனா பன்மைல 'க்னந்தி' (கொல்றாங்க), அங்க மட்டும் பழைய அழுத்தமான 'க' அப்படியே கெடக்கு. அதுக்கும் ன-வுக்கும் நடுவுல உயிர் இல்லாததால அது ஜ பக்கம் நகரவே இல்ல. நம்ம சத்ருக்னன் பேர்ல வர்றதும் இதே 'க்ன'தான். பிரம்மஹத்தில இருக்குறதும் இந்த ஹன்தான் (வதம் வேற வேர், அதையும் இதோட சேத்துடாதீங்க).

கட்டுரை சறுக்கினது இரான் பக்கம். பார்சிகளோட பழைய வேதமான அவெஸ்தால 'ஜன்'னா கொல்லு, 'ஃஜன்'னாதான் பொற. சமஸ்கிருதத்துக்கு நேர் தலைகீழ்! அப்புறம் பாரசீகத்துல அந்த ஜ-வும் ஃஜ ஆகிப்போச்சு, இப்ப ஃஜதன்னா அடிக்கிறது, ஃஜாதன்னா பிள்ளை பெறுறது, நடுவுல ஒரு நெடில்தான் வித்தியாசம். பலுசிஸ்தான்ல பேசுற பலோச்சி மொழில இன்னும் 'ஜனக்'னு பழைய ஜ-வோடயே சொல்றாங்க.

இதுக்கு சாட்சி வேணும்னா ரிக் வேதம் 1.32ல இந்திரன் பாம்பக் கொன்னத 'அஹன் அஹிம்'னு சொல்லிருக்கு, அவெஸ்தாவோட யஸ்னாங்கிற பகுதில 9ஆம் அத்தியாயத்துல மூணு தலை அரக்கன் கதைல 'ஜனத் அழீம்'னு வருது, வினையும் ஒண்ணு பாம்பும் ஒண்ணு, எனக்கு முதல்தடவ படிச்சப்ப மயிர்க்கூச்செறிஞ்சுது. இந்திரனோட 'விருத்ரஹன்'கிற (விருத்ரனக் கொன்னவன்) பட்டம் அவெஸ்தால 'வெரெத்ரக்ன'னு தனி தெய்வமாவே நிக்குது, இன்னைக்கு இரான்ல பையனுக்கு வைக்கிற பஹ்ராம்ங்கிற பேரு அதுல இருந்து வந்ததுதான். இரான்ல இருக்குற பெஹிஸ்துன் பாறைக் கல்வெட்டுல பழைய பாரசீக ராஜா டேரியஸ் தன் எதிரி கௌமாதனக் கொன்னேன்னு சொல்ற இடத்துல 'அவாஜனம்'னு வெட்டி வெச்சிருக்காங்க, அதுல 'அவ' முன்னொட்டு, அத எடுத்துட்டா சமஸ்கிருத 'அஹனம்' கண்ணு முன்னாடி நிக்கும்.

இவ்வளவு ரத்தம் சிந்தின வேரு இன்னைக்கு டெஹ்ரான்ல என்ன பண்ணுதுன்னா, 'ஃஜங் பெஃஜன்'னு சொன்னா போன் பண்ணுன்னு அர்த்தம், வார்த்தைக்கு வார்த்த பாத்தா மணி அடி. பேசுறதுக்கு 'ஹர்ஃப் ஃஜதன்', பல் தேய்க்கிறதுக்கு 'மெஸ்வாக் ஃஜதன்'. நாம போன் அடி, காப்பி அடி, பல்டி அடின்னு சொல்றோம்ல, அச்சு அசலா அதே மாதிரி, ஆனா அதுக்காக நம்ம 'அடி'யும் இந்த வேர்தான்னு அடுத்த வாரம் யாராச்சும் எழுதிடாம பாத்துக்கங்க, அது தமிழ்ச்சொல்லு.

திருத்தம்னு ஒரு ரெண்டு வரி போட்டா நல்லாருக்கும் சார்.

இப்படிக்கு,
ரொம்ப நாள் வாசகர் ஒருத்தர்