ஒரே ஊசலில் இரண்டு பாடம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் ஒன் இயற்பியலின் இரண்டாவது பாடமே இயக்கவியல். வெக்டர், வகையிடல், தொகையிடல் எல்லாம் அதிலேயே வந்துவிடுகின்றன. கணிதத்தில் இவை இரண்டாம் தொகுதியில்தான் இருக்கின்றன. அதனால் இயற்பியல் ஆசிரியர் அவசர அவசரமாகக் கொஞ்சம் கணக்கு நடத்துகிறார். பிள்ளைகள் சூத்திரத்தை எழுதிக்கொள்கிறார்கள். மாதங்கள் கழித்துக் கணித வகுப்பில் அதே வகையிடல் வரும்போது, 'இது அங்கே பார்த்ததாயிற்றே' என்று பலருக்குத் தோன்றுவதே இல்லை. இரண்டு பாடங்களையும் சேர்த்து, செய்துபார்த்து நடத்த வேண்டும் என்பதை வலியுறுத்தவே இக்கடிதம்.

நூலில் குண்டைத் தொங்கவிட்டு ஆட்டும் எளிய ஊசலையே எடுத்துக்கொள்வோம். ப்ராக்டிகலில் கண்டுபிடிக்க வேண்டிய புவியீர்ப்பு முடுக்கம் 9.8 என்று முன்பே தெரியும். அட்டவணையும் அதற்கேற்ப நிரம்பிவிடுகிறது. நானும் எங்கள் பள்ளிக் கணித ஆசிரியையும் இதை வேறு மாதிரி செய்துபார்த்தோம். என் போனை ஒரு மஞ்சப்பையில் போட்டு ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டோம். போனில் ஃபைஃபாக்ஸ் செயலி. ஜெர்மனியின் ஆஹன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இலவசமாகத் தருவது. கைரோஸ்கோப் (சுழற்சியை அளக்கும் உணரி) உள்ள போன் என்றால் அலைவு நேரத்தை, அதாவது ஊசல் ஒரு முறை போய்வர ஆகும் நேரத்தை, அதுவே காட்டும். போன் திரையில் ஓடுவதை வைஃபை வழியாகக் கணினியிலும் பார்க்கலாம் என்பதால் ஹைடெக் லேப் திரையில் வகுப்பே பார்த்தது.

ஊசலின் நீளம் 25 செ.மீ. என்றால் அலைவு நேரம் ஏறக்குறைய 1 விநாடி. ஒரு மீட்டராக்கினால்? நான்கு விநாடி என்று பெரும்பாலோர் சொன்னார்கள். வந்தது இரண்டு. ஏன் இரண்டு என்று அவர்கள் கேட்ட இடத்தில் ஆசிரியை வர்க்கமூலச் சார்பை வரைந்தார். அப்புறம் அலைவு நேரத்தின் வர்க்கத்தை நீளத்துக்கு எதிராகக் குறித்தபோது வளைகோடு நேர்கோடானது. அதன் சாய்வு சுமார் 4. அதிலிருந்து புவியீர்ப்பு முடுக்கம் தானாகக் கிடைத்தது.

பையை 60 டிகிரி வரை இழுத்து விட்டால் அலைவு நேரம் சுமார் 7 சதவீதம் கூடுகிறது. காரணம் கணிதப் புத்தகத்தில்தான் இருக்கிறது. கோணம் சிறிதாக இருந்தால்தான் சைன் மதிப்பும் ரேடியனில் உள்ள கோணமும் ஏறக்குறைய சமம்; ஊசலின் சூத்திரம் அதை நம்பித்தான் வருகிறது. 10 டிகிரிக்கு சைன் 0.1736, ரேடியன் 0.1745; 60 டிகிரிக்கோ 0.866, 1.047. 'எல்லைகள்' பாடத்தில் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் தேற்றம் கண்ணெதிரே ஆடுவதைப் பார்த்த பிறகு, சின்னக் கோணத்தில்தான் ஆட்ட வேண்டும் என்று சொல்லித்தர அவசியமே இருக்கவில்லை.

இதற்கு மாணவர்கள் போன் கொண்டுவர வேண்டியதில்லை. ஆசிரியரின் ஒரு போன் போதும். கிடைக்காதது நேரம்தான். இரு ஆசிரியர்களும் ஒரே வகுப்பில் நிற்கக் கால அட்டவணையில் இடமில்லை. நாங்கள் எங்கள் ஓய்வுப் பாடவேளையைக் கொடுத்துத்தான் செய்தோம். மாதம் ஒரு முறையாவது இரண்டு பாடவேளைகளைச் சேர்த்துக் கூட்டு வகுப்பாக நடத்தப் பள்ளிக் கல்வித் துறை அனுமதிக்க வேண்டும். அடுத்த முறை பாடநூல்களைத் திருத்தும்போது, இயக்கவியலுக்கு வேண்டிய நுண்கணிதத்தையும் (வகையிடல், தொகையிடல்) வெக்டரையும் கணித முதல் தொகுதிக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கு இரு பாடக் குழுக்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து பாட வரிசையை முடிவுசெய்ய வேண்டும்.

இப்படிக்கு,
மேல்நிலைப் பள்ளி இயற்பியல் ஆசிரியர்,
திருவாரூர் மாவட்டம்.