நன்றி: வார்டு கூட்டத்தில் எங்களைக் கடைசி வரை உட்கார வைத்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

வறண்ட ஆற்றின் குறுக்கே நாங்கள் கேட்ட மணல் அணை, கவுண்டியின் (மாவட்ட அரசு மாதிரி) வளர்ச்சித் திட்டப் பட்டியலில் ஏறிவிட்டது. நேற்று சாயங்காலம் வார்டு அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தைக் கண்ணால் பார்த்தேன். பார்த்தும் நம்பிக்கை வராமல், பக்கத்தில் நின்ற பெரியவரை ஒருமுறை சத்தமாக வாசிக்கச் சொன்னேன். அவரும் வாசித்தார். அப்புறம்தான் மூச்சு வந்தது.

இத்தனை வாரமாக என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். ராத்திரி நேரத்தில் நான் கொட்டித் தீர்த்ததையெல்லாம் பொறுமையாகக் கேட்டவர்கள் நீங்கள். அதைத் திரும்ப எழுதப்போவதில்லை. எந்த ஆபீஸ், எந்த அதிகாரி என்பதையும் விட்டுவிடுகிறேன். இதே மண்ணில் நாளைக்கும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க வேண்டும். கென்யாவில் கம்பா மக்கள் வாழும் வறண்ட பக்கம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

ஊர்க்காரர்களுக்கு எனக்குத் தெரிந்த கிக்கம்பாவிலும் (கம்பா மக்களின் மொழி) சுவாஹிலியிலும் நேரிலேயே நன்றி சொல்லிவிட்டேன். இதைத் தமிழில் எழுதுவது, தூரத்தில் இருந்துகொண்டு உதவிய உங்களுக்காக. கூட்டத்தன்று நடந்த ஒரு விஷயத்தை நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவும்தான்.

பட்டியலைத் தட்டிக் கேட்டது, மனு எழுதியது, சட்டப் பிரிவு காட்டியது எல்லாம் வேண்டியதுதான். அவை இல்லாமல் இந்தக் கூட்டமே நடந்திருக்காது. ஆனால் அன்றைக்கு அணையைக் காப்பாற்றியது ஒரு பைக் டாக்ஸி ஓட்டும் தம்பி. அவனுடைய பெயரை எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டான். அதனால் தம்பி என்றே எழுதுகிறேன்.

கூட்டம் காலை பத்து மணிக்கு என்று நோட்டீஸ். ஊர்ப் பெண்கள் ஒன்பதரைக்கெல்லாம் பள்ளிக்கூட மைதானத்துக்கு வந்து, இடுப்பில் சுற்றும் லேசோத் துணியை விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். கைக்குழந்தைகள் மடியில். பதினொன்று ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று, அதிகாரிகள் வரவில்லை. இது நிலம் வெடித்துக் கிடக்கும் ஆகஸ்ட் மாதம். ஆற்றில் தண்ணீர் ஓடாது. மணலைத் தோண்டி, குழிக்குள் ஊறி வரும் தண்ணீரைக் குவளை குவளையாக மொண்டு கேனில் ஊற்ற வேண்டும். மதியத்துக்குள் போய் வரிசையில் நின்றால்தான் இருட்டுவதற்குள் வீடு திரும்பலாம். பன்னிரண்டரை மணிக்கு முதல் பெண் எழுந்தார். அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர். கழுதையைப் பிடித்துக்கொண்டு கிளம்பத் தயாரானார்கள். நான் என்ன சொல்லித் தடுப்பேன்? தண்ணீருக்காகத்தான் கூட்டம், அந்தத் தண்ணீரை எடுக்கத்தான் அவர்கள் எழுந்து போகிறார்கள். அவர்கள் போய்விட்டால் மைதானத்தில் மிஞ்சுவது அணைக்குப் பதிலாக ரோட்டுக்கும் சந்தைக் கேட்டுக்கும் கை தூக்கி ஆதரவு காட்ட வந்தவர்கள்தான்.

வேலி ஓரத்தில், முள்மர நிழலில் பைக் டாக்ஸிக்காரர்கள் சவாரிக்காகக் காத்திருந்தார்கள். அன்றைக்குச் சந்தை நாள், வாரத்திலேயே அவர்களுக்கு நல்ல வரும்படி கிடைக்கும் நாள். அங்கிருந்து இந்தத் தம்பி எழுந்து வந்தான். எனக்கு அவனோடு பழக்கம் இல்லை. இந்த மாதிரிக் கூட்டங்களைப் பற்றி அவனுக்கு நல்ல அபிப்பிராயமும் கிடையாது என்று கேள்விப்பட்டிருந்தேன். வந்தவன் என்னிடம் பேசவே இல்லை. முதலில் எழுந்த அம்மாவிடம் நேராகப் போய், "கேனை இங்கே குடுங்கம்மா, நான் ரொப்பிட்டு வரேன். நீங்க உட்காருங்க" என்றான்.

அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. எவ்வளவு கேட்பான் என்று யோசித்தாரோ என்னவோ, கேனைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அவன் "காசு வேணாம்" என்று சொல்லி, பதிலுக்குக் காத்திருக்காமல் கேன்களை வாங்கிப் பைக்கின் இரண்டு பக்கமும் ரப்பர் பட்டையால் இறுக்கிக் கட்டினான். எல்லாம் 20 லிட்டர் மஞ்சள் கேன்கள். சமையல் எண்ணெய் வந்த கேன்களைக் கழுவி, வருஷக்கணக்காகத் தண்ணீருக்கு வைத்திருப்பார்கள். பாதிக் கேன்களுக்கு மூடி கிடையாது, மக்காச்சோளக் கதிரின் சக்கைதான் அடைப்பு. எது யாருடையது என்று தெரிவதற்குச் சிலர் கைப்பிடியில் துணிக் கிழிசல் கட்டியிருப்பார்கள், சிலர் ஆணியால் பெயரின் முதல் எழுத்தைக் கீறியிருப்பார்கள். அவன் ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்து, "நீலத் துணி யாரு? M எழுத்து யாரு?" என்று கேட்டுக் கேட்டு ஏற்றினான். கழுதை வைத்திருந்தவர்கள் கழுதையைத் திரும்பக் கட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார்கள்.

அவன் முதல் நடை போய் வந்ததைப் பார்த்த இன்னொருவன் தன் பைக்கை எடுத்தான். பிறகு இன்னும் சிலர். ஆற்றங்கரையில் வரிசையில் நின்றவர்கள் முதலில் சண்டைக்கு வந்தார்களாம். மேலே என்ன கூட்டம் நடக்கிறது, இந்தக் கேன்கள் யாருடையவை என்று அவன் எடுத்துச் சொன்ன பிறகு, இரண்டு கேனுக்கு ஒரு கேன் என்று முறை வைத்து வழி விட்டிருக்கிறார்கள். இதை அவன் சொல்லவில்லை, குழிக்குள் இறங்கி மொண்டு கொடுத்த ஒரு பாட்டி மறுநாள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்தப் பாட்டிக்கும் இங்கே ஒரு கும்பிடு.

அதிகாரிகள் வரும்போது மணி ஒன்றரை தாண்டிவிட்டது. முகவுரை, பிரார்த்தனை, போன வருடக் கணக்கு என்று ஒவ்வொன்றாகப் போய், எங்கள் ஊர்ப் பக்கத்துத் திட்டங்கள் கடைசியில்தான் வந்தன. ஒரு பெண்கூட எழுந்து போகவில்லை. கை தூக்கச் சொன்னபோது, எண்ணுகிறவர் இரண்டு முறை எண்ணினார். நான் எண்ணவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கூட்டம் முடிந்து திரும்பினால், பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் கேன்கள் வரிசையாக நிற்கின்றன, நீலத் துணி, சிவப்புத் துணி, ஆணிக் கீறல், எல்லாம் நிறைந்து. சில கேன்களுக்கு அவன் புதிதாகச் சோளச் சக்கை தேடி அடைத்திருந்தான்.

பெட்ரோல் காசாவது வாங்கிக்கொள் என்று எம்-பெசாவில் (போன் வழிப் பணம்) அனுப்பப் பார்த்தேன். போன் நம்பரைச் சொல்ல மறுத்துவிட்டான். "கூட்டத்துல எழுந்து பேச எனக்கு வராதும்மா. தண்ணி தூக்க வரும்" என்றான். இருட்டுவதற்குள் சந்தையில் இரண்டு சவாரியாவது பிடிக்க வேண்டும் என்று கிளம்பிவிட்டான்.

அன்றிலிருந்து எனக்கு இதே நினைப்புதான். 2010 அரசியல் சட்டம் வந்து, 2013 மார்ச் தேர்தலோடு 47 கவுண்டிகளுக்கு இங்கே அதிகாரம் பிரித்துக் கொடுக்கப்பட்டது. தேசிய வருவாயில் குறைந்தது 15 சதவீதம் கவுண்டிகளுக்குப் போயாக வேண்டும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. பொதுப் பணத்தின் விஷயத்தில் ஒளிவுமறைவு கூடாது, மக்கள் பங்கேற்பு வேண்டும் என்கிறது 201வது பிரிவு. கவுண்டிப் பேரவை தன் வேலைகளில் மக்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது 196வது பிரிவு. 2012ல் வந்த கவுண்டி அரசுகள் சட்டத்தில் தகவல் கேட்கும் உரிமை இருக்கிறது, மனு கொடுக்கும் உரிமை இருக்கிறது. படிக்கும்போது நெஞ்சு நிமிரும். நான் அந்தச் சட்டத்தை மனதார மதிக்கிறவள்.

ஆனால் அடுத்த நிதியாண்டுக்கான வளர்ச்சித் திட்டத்தைச் செப்டம்பர் 1ஆம் தேதிக்குள் பேரவையில் வைக்க வேண்டும் என்பது விதி. அதனால் வார்டு கூட்டங்கள் ஜூலையிலும் ஆகஸ்டிலும் வந்து விழுகின்றன. இந்தப் பக்கத்தில் ஜூனிலிருந்து அக்டோபர் வரை மழையே கிடையாது. தண்ணீருக்காக ஒரு பெண் அதிக தூரம் நடக்கிற மாதங்கள் எவையோ, அதே மாதங்களில்தான் தண்ணீர்த் திட்டத்துக்குக் கை தூக்க அவளைக் கூப்பிடுகிறோம். போன வருடங்களில் ஏன் எங்கள் அணை பட்டியலில் வரவே இல்லை என்று பெரிய பெரிய காரணங்களைத் தேடியிருக்கிறோம். அரசியல் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். கூடவே, கைகள் எண்ணப்பட்ட நேரத்தில் அந்தக் கைகள் ஆற்று மணலில் குவளையோடு இருந்தன என்பதும் உண்டு. இதை எந்தப் பயிற்சி வகுப்பிலும் யாரும் சொல்லவில்லை. முள்மரத்தடியில் இருந்தவனுக்குத் தெரிந்திருக்கிறது.

மற்ற எல்லோருக்கும் சேர்த்து இங்கே சொல்லிவிடுகிறேன், தனித்தனியாக எழுதவில்லையே என்று நினைக்காதீர்கள். ஆங்கிலத்தில் இருந்த திட்ட ஆவணத்தை உட்கார்ந்து பக்கம் பக்கமாகக் கிக்கம்பாவில் சொல்லித் தந்த பள்ளி ஆசிரியருக்கும், பூசை முடிந்ததும் கூட்டத் தேதியை அறிவித்த உபதேசியாருக்கும், சந்தையில் வாய்வழியாகவே செய்தி பரப்பிய காய்கறிக்கார அம்மாக்களுக்கும், வகுப்பறையையும் தாழ்வாரத்தையும் திறந்துவிட்ட தலைமையாசிரியைக்கும் நன்றி. காது கேட்காத தங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சைகையில் சொல்லிக்கொண்டே இருந்த அக்காவுக்கு நன்றி. மண்டாசிப் பணியாரம் சுட்டு, சாயா போட்டுக் கூட்டம் முழுக்கக் கொடுத்தவர்களுக்கு நன்றி. தாமதமாக வந்தாலும், வந்த பிறகு சாயங்காலம் வரை அவசரப்படாமல் ஒவ்வொரு பெண்ணையும் பேசவிட்ட வார்டு நிர்வாகிக்கும் நன்றி. அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.

நைரோபியிலிருந்து பழைய பட்டியல்களை எக்செல்லில் போட்டு, எந்த வருடம் எங்கே அணை விட்டுப்போனது என்று காட்டிய தமிழ் நண்பர்களே, அந்த ஒரு தாளைத்தான் கூட்டத்தில் எல்லோரும் கை மாற்றிப் பார்த்தார்கள். கியம்பு கவுண்டி 2013ல் போட்ட நிதிச் சட்டத்தை, மக்களை முறையாகக் கேட்கவில்லை என்று சொல்லி 2014ல் உயர் நீதிமன்றம் ரத்து செய்ததை எடுத்துக் காட்டிய வக்கீல் தோழிக்குத் தனி நன்றி. அந்த ஒரு வரி மனுவில் ஏறிய பிறகுதான் எங்களுக்குப் பதில் வர ஆரம்பித்தது.

நீங்கள் கேட்பீர்கள், அணை எப்போது கட்டுவார்கள் என்று. பட்டியலில் ஏறியதால் பணம் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. பிப்ரவரி கடைசிக்குள் கவுண்டியின் நிதிக் கொள்கை அறிக்கை வரும், எந்தத் துறைக்கு எவ்வளவு என்பது அதில் தெரியும். ஏப்ரல் 30க்குள் பட்ஜெட் பேரவைக்குப் போக வேண்டும். ஜூலையில் புது நிதியாண்டு. வழியில் எந்த இடத்திலும் பட்டியலில் எங்கள் அணையின் பெயர் காணாமல் போகலாம். காணாமல் போகவிடமாட்டோம். மணல் அணை பெரிய செலவும் இல்லை. மழைக்கால ஆற்றின் குறுக்கே பாறையில் ஊன்றி ஒரு சுவர், அதன் பின்னால் வெள்ளம் கொண்டுவந்து சேர்க்கும் மணல், அந்த மணலுக்குள் வெயிலுக்கு மறைந்து நிற்கும் தண்ணீர். கம்பா மக்களின் இந்த உக்கம்பானிப் பகுதியில் இதை நன்றாகக் கட்டத் தெரிந்த கைகள் ஏராளம்.

நாங்கள் சிலர் சேர்ந்து முடிவெடுத்திருக்கிறோம். இனி எந்தக் கூட்டத்துக்கும் நோட்டீஸ் வந்தால், அன்றைக்குத் தண்ணீர் யார் எடுப்பது, குழந்தைகளை யார் பார்ப்பது என்பதை முதலில் பேசி முடித்த பிறகுதான் மற்றது. பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் ஒரு பக்கம் பாய் விரித்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள இரண்டு பாட்டிகள் ஒத்துக்கொண்டார்கள். கூட்டத்தைக் காலை எட்டுக்குத் தொடங்கவும், வார்டுக்கு வரும் முன்னால் ஊர் ஊராகப் பேசி வரவும் வழி செய்யச் சொல்லி பேரவைக்கு மனு எழுதுகிறோம். பக்கத்தில் மக்குவேனி கவுண்டியில் கிராமத்திலிருந்து தொடங்கிப் படிப்படியாக மேலே போகும் முறை பல வருடங்களாக நடக்கிறதே, இங்கே ஏன் முடியாது? மனுவின் வரைவை அடுத்த வாரம் உங்களுக்கு அனுப்புகிறேன். பார்த்துத் திருத்திக் கொடுங்கள்.

தம்பி, இதில் எழுதியதை ஆசிரியரிடம் சொல்லியிருக்கிறேன், அவர் உன் பாட்டியிடம் சுவாஹிலியில் சொல்வார். பிப்ரவரி கூட்டத்தில் வேலி ஓரத்தில் நிற்காமல் நீயும் உள்ளே வந்து உட்கார வேண்டும். பேச வராவிட்டால் பரவாயில்லை, கை தூக்கினால் போதும். அன்றைக்கு உங்கள் வீட்டுக் கேனை நாங்கள் ரொப்பி வைக்கிறோம்.