மாணவர் விடுதிவாசிகள் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார். நான் சொல்ல வேண்டியது பழைய விடுதியின் புதுப்பிப்பு வேலையைப் பற்றி.

இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்றுதான் முதலில் பேச்சு வந்தது. சங்கம் ஒப்புக்கொள்ளவில்லை. தூணும் தளமும் உறுதியாக இருக்கின்றன. அறைகள் குறுகியவை, குளியலறை மாடிக்கு ஒன்று, வெளிச்சுவர் மெல்லியது. ஜெர்மனியின் வூப்பர்டால் நகரில் 1970-களில் கட்டிய புர்சே மாணவர் விடுதிக்கும் இதே நிலைதான். அங்கே கான்கிரீட் சட்டகத்தை வைத்துக்கொண்டு, ஆலையில் செய்த மரப் பகுதிகளை முன்னால் நிறுத்தி அறைகளை நீட்டினார்கள். இரண்டாம் கட்டம், சூடாக்க மிகக் குறைந்த ஆற்றலே போதும் என்னும் பாசிவ் ஹவுஸ் தரத்தையே எட்டியது. இதைப் பொதுக்குழுவில் எடுத்துச் சொன்ன பிறகுதான் நம் பக்கம் ஆதரவு திரும்பியது.

மேலே ஒரு மாடி ஏற்றவும் மரம்தான் கைகொடுத்தது. கான்கிரீட் ஒரு கன மீட்டர் சுமார் 2,400 கிலோ. பைன் போன்ற ஊசியிலை மரம் ஏறக்குறைய 500 கிலோ. அஸ்திவாரத்தைச் சோதித்த பொறியாளர் ஒரு மாடிக்குச் சம்மதித்தார். இரண்டு கேட்டோம், மறுத்துவிட்டார். அவர் சொன்னதே சரி.

தீப்பிடிக்காதா என்று கேட்காத உறுப்பினர் இல்லை. கனமான மரம் நிமிடத்துக்கு முக்கால் மில்லிமீட்டருக்குள்தான் கரியாகும். அந்தக் கரியே உள்மரத்துக்குக் காப்பு. நான் பயந்தது வேறு இடத்தில்: பழைய சுவருக்கும், ஆலையில் செய்து அதன் முன்னால் நிறுத்தும் புதிய மரப் பேனலுக்கும் நடுவிலுள்ள சந்து. தீயும் புகையும் அதன் வழியே மாடிக்கு மாடி ஏறிவிடும். ஒவ்வொரு தளத்திலும் அதை அடைத்திருக்கிறார்களா என்று நாங்களே டார்ச் அடித்துப் பார்த்தோம்.

பழைய சுவர் எங்கும் நேராக இல்லை. பேனலோ மில்லிமீட்டர் கணக்கில் வெட்டி வருவது. லேசரில் கட்டடம் முழுவதையும் அளக்க ஆன காலத்தைச் சிலர் தாமதம் என்றார்கள். அந்த அளவு இருந்ததால்தான் கிரேன் தூக்கி வைத்த பேனல்கள் அப்படியே பொருந்தின. ஜன்னலும் வயரிங் குழாயும் ஆலையிலேயே பொருத்தி வந்துவிட்டன.

ஒரு மனக்குறையையும் பதிவு செய்கிறேன். ஒருநாள் மழையில் ஒப்பந்ததாரர் மூடிய தார்பாய் கிழிந்து, சில பேனல்கள் நனைந்துவிட்டன. அப்படியே மூடிவிடப் பார்த்தார்கள். ஈரத்தை உள்ளே வைத்து மூடினால் பூஞ்சை பிடிக்கும். ஈரமானி காட்டிய அளவு இறங்கும்வரை விடவில்லை. அதனால் தேர்வு நேரத்திலும் சத்தம் நீடித்தது. பொறுத்துக்கொண்ட கீழ்த்தள மாணவர்களுக்கு நன்றி.

அப்புறம், புது மாடியின் காலடிச் சத்தம் கீழே கேட்கிறது. மரத்தளம் லேசானது, அதிரும். தரைக்கு மேல் கனமான அடுக்கும், அடியில் அதிர்வு தாங்கும் விரிப்பும் வேண்டும் எனக் கடிதம் கொடுத்திருக்கிறோம். பதில் வரவில்லை. அது சரியாகும்வரை வேலை முடிந்ததாகக் கையெழுத்திட வேண்டாம் என்ற தீர்மானத்தை இந்தக் கூட்டத்தின் முன் வைக்கிறேன்.

செயலாளர்