காடி போடுவதற்கு முன்

அன்புள்ள மாப்ளே,

கடிதமும் கல்யாண போட்டோக்களும் வந்து சேர்ந்தன. பொண்ணு அப்படியே உங்க அம்மா ஜாடை. வராததற்கு என் வீட்டம்மா இன்னும் என்னைக் குத்திக் காட்டிக்கொண்டே இருக்கிறாள். பிளான்ட் ஷட்டவுன் நேரத்தில் லீவு கேட்டால் என்ன கிடைக்கும் என்று உனக்குத் தெரியாததா? தையில் குடும்பத்தோடு கோவை வருகிறோம். முட்டி வலியைத் தவிர எனக்கு வேறு குறையில்லை.

இனி நீ கேட்ட விஷயம். திருப்பூர் சாயப்பட்டறைக்குப் போட்டுக் கொடுத்த வெந்நீர் பம்புகளில், சுற்றும் தண்டு ஓரமாகத் தண்ணீர் கசியாமல் அடைக்கும் சீல் கீச்சிடுகிறது, அதன் கார்பன் வளையம் சீக்கிரமே தேய்ந்து ஒழுகுகிறது, மச்சினனிடம் லேசர் மார்க்கிங் மெஷின் இருக்கிறது, கம்ப்ரஸர் சீலில் உள்ளது மாதிரி வளையத்தின் முகத்தில் சுருள் காடி, அதாவது மெல்லிய பள்ளக் கோடுகள், போட்டுவிட்டால் என்ன என்கிறாய். யோசனை நல்லதுதான். ஆனால் மெஷினை ஆன் பண்ணுவதற்கு முன் இதைப் படித்துவிடு.

சீலில் ஒன்று நிற்க ஒன்று சுற்றும் இரண்டு வளையங்களின் முகத்தை (ஃபேஸ்) நாம் லேப் பண்ணி, அதாவது பொடி போட்டுத் தேய்த்துத் தட்டையாக்கி, ஆப்டிகல் ஃப்ளாட் என்ற தட்டைக் கண்ணாடியை வைத்துத் தெரியும் ஒளிக்கோடுகளைப் பார்த்து இரண்டு மூன்று பேண்டுக்குள் கொண்டுவருகிறோமே, அதில் ஒரு பேண்ட் சுமார் 0.3 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அவ்வளவு தட்டையான இரண்டு ஃபேஸ் சரிக்குச் சரி இணையாகச் சுற்றினால், சுழற்சியால் நடுவில் அவற்றை விலக்கும் எந்தத் தூக்கு அழுத்தமும் பிறக்காது. 1880-களில் இங்கிலாந்தில் ரயில் அச்சு பேரிங்கைச் சோதித்த பியூசாம்ப் டவர், எண்ணெய்த் துளையை மரக்கட்டையால் அடைத்தார். எண்ணெய் அந்தக் கட்டையையே வெளியே தள்ளிவிட்டது. ஏன் என்பதை 1886-ல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கணக்காக எழுதினார். அகலமான இடத்திலிருந்து குறுகலான இடத்துக்குத் திரவம் இழுபட்டால்தான் அழுத்தம் எழும். நம் சாதா சீலில் அந்தக் குறுகல் எங்கிருந்து வருகிறது என்றால், சூட்டிலும் அழுத்தத்திலும் ஃபேஸ் லேசாக நெளிவதிலிருந்து. இத்தனை பாடுபட்டு லேப் பண்ணினது கொஞ்சம் கெட்டுப்போவதால்தான் சீல் பிழைக்கிறது! நெளிவை அதன் இஷ்டத்துக்கு விடாமல் நாமே அளந்து வெட்டி வைக்கும் வேலைக்குப் பெயர்தான் காடி.

கம்ப்ரஸரில் வரும் கேஸ் சீலில் அது அற்புதமாக நடக்கிறது. வெளிவிளிம்பிலிருந்து உள்நோக்கி, ஏறக்குறைய 15 டிகிரி சாய்வில் சுருள் சுருளாகச் சில மைக்ரான் ஆழத்துக்கு வெட்டியிருப்பார்கள். காடி உள்விளிம்பு வரை போகாது. நடுவழியில் நின்று, உள்பக்கம் ஒரு வழவழப்பான வளையம் மிஞ்சும். அதற்கு அணை என்று பெயர். சுழலும்போது கேஸ் காடி வழியே உள்ளே இழுபட்டு அணையில் முட்டும், அழுத்தம் ஏறும், ஃபேஸ் இரண்டும் 3 முதல் 5 மைக்ரான் விலகி நிற்கும். நெருங்கினால் அழுத்தம் எகிறித் தள்ளிவிடும். விலகினால் அழுத்தம் இறங்கி, ஸ்ப்ரிங் திரும்பச் சேர்க்கும். மெஷின் நின்றால் அடைப்பதும் அந்த அணைதான். வருஷக்கணக்கில் ஓடின ஒரு சீலை இந்த ஷட்டவுனில் பிரித்தோம். கார்பனில் லேப்பிங் பண்ணின கோடுகள் அப்படியே இருந்தன.

தண்ணீர் சீலில் பேரம் வேறு. இடைவெளி ஒரு மைக்ரானை ஒட்டித்தான் இருக்கும். அதை இரண்டு மடங்காக்கினால் உராய்வு பாதியாகும், கசிவோ எட்டு மடங்காகும். நடுவில் இருக்கும் தண்ணீர்ப் படலம் தடித்தால் கார்பன் பிழைக்கும், ஆனால் பட்டறைக்காரர் ஒழுகுகிறது என்று போன் பண்ணுவார். டிசைன் என்பது இந்த இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்பது என்ற முடிவுதான்.

ஆழத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மேடாகவும் படி வெட்டிய பேரிங்குக்கு 1918-ல் ரேலே பிரபு போட்ட கணக்குப்படி, ஆழமான பக்கத்துப் படலம் மேடான பக்கத்தைப் போல 1.87 மடங்கு இருந்தால்தான் அதிகபட்சத் தூக்கு. சுருள் காடிக்கு இந்த எண் கொஞ்சம் மாறும், ஆனால் தோராயம் அதுதான். அப்படியென்றால் ஒரு மைக்ரான் படலத்துக்குக் காடி ஒன்றிரண்டு மைக்ரான் போதும். மச்சினன் எஃகில் பெயர் எழுதுகிற செட்டிங்கில் ஓட்டினால் ஆழம் எங்கேயோ போய்விடும். அப்புறம் அது தண்ணீர் தேங்கும் பள்ளம், தூக்கு ஒன்றும் வராது. லேசர் பட்ட ஓரத்தில் உருகிக் கட்டும் பிசிரையும் மறுபடி லேப் பண்ணி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அது கார்பனை அரம் மாதிரி ராவிவிடும். காடியைக் கார்பனில் மட்டும் போட்டுவிடாதே. அது தேயத் தேயக் காடியும் காணாமல் போகும். எப்போதும் கடினமான ஃபேஸில்தான்.

அப்புறம் திசை. நம்ம ஊரில் ஒயரை மாற்றிக் கொடுத்து மோட்டார் பின்பக்கம் சுற்றாத பட்டறை ஏது? ஒரு திசைச் சுருள் காடி அப்போது தலைகீழாக வேலை செய்யும். இடையில் இருப்பதையும் உறிஞ்சி வெளியே தள்ளி ஃபேஸை ஒட்ட வைக்கும். T வடிவக் காடி இருபக்கமும் தாங்கும், ஆனால் தூக்கு குறைவு. இன்னொரு வழி, 1990-களில் இஸ்ரேலின் ஹைஃபாவிலுள்ள டெக்னியன் பல்கலைக்கழகத்தில் இட்சாக் எட்சியோன் ஆராய்ந்த லேசர் குழிகள். 100 மைக்ரான் அளவு அகலம், 10 மைக்ரானை ஒட்டிய ஆழம், அம்மைத் தழும்பு போல ஃபேஸ் முழுக்க. குழிக்குத் திசை கிடையாது. காடி போட்டே தீருவேன் என்றால் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் உன் பம்புக்கு முதல் மருந்து காடியில்லை, மாப்ளே. 20 டிகிரியில் 1 சென்டிபாய்ஸ் பிசுப்பு இருக்கும் தண்ணீர், 80 டிகிரியில் 0.35 ஆகிவிடுகிறது, படலமும் மெலிகிறது. அதோடு அழுத்தம் இறங்கி வெளிக்காற்றைத் தொடும் இடத்தில் உராய்வுச் சூடும் சேர்ந்தால், ஃபேஸுக்கு நடுவிலேயே கொதித்து ஆவியாகிறது. நீ சொல்லும் கீச்சு அதுவாகத்தான் இருக்க வேண்டும். ஆவியானால் உப்புப் படியும். ஒன்றிரண்டு மைக்ரான் காடி அதில் சீக்கிரம் தூர்ந்துவிடும். முதலில் கார்பனுக்கு எதிரே இருக்கும் செராமிக் வளையத்தை எடுத்துவிட்டு சிலிக்கான் கார்பைடு போடு, அது சூட்டைப் பல மடங்கு வேகமாகக் கடத்தும். சீல் அறைத் தண்ணீரை மட்டும் ஒரு சின்ன கூலர் வழியாகச் சுற்றவிடு. பம்பின் மொத்த வெந்நீரையும் ஆற்ற வேண்டியதில்லை என்பதால் கூலரும் பெரிதாக வேண்டாம். பட்டறைக்காரர் செலவுக்கு முகம் சுளிப்பார். மாதாமாதம் மாற்றும் சீல் கணக்கைக் காட்டு.

அதற்குப் பிறகும் கீச்சிட்டால் காடியைப் பற்றிப் பேசுவோம். அதற்குள் தேய்ந்த ரிங் ஜோடி ஒன்றைக் கழுவாமல், துடைக்காமல், தனித்தனியாகக் காகிதத்தில் சுற்றி எனக்குக் கூரியரில் அனுப்பு. தேய்ந்த தடம் எவ்வளவு அகலம், ஓரம் உடைந்திருக்கிறதா, வெள்ளைப் படிவு எந்தப் பக்கம் என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். சீல் அறையின் சூட்டையும் அளந்து எழுது. டேங்கில் இருக்கும் சூடு எனக்கு வேண்டாம்.

உன் பழைய ரூம்மேட்