கருவி வாங்கப் போகும் மகளுக்கு

காட்பாடி

அன்புள்ள மகளுக்கு,

இங்கே எல்லாரும் நலம். திருவொற்றியூர் வீட்டுக்கு வேண்டிய கருவிகளின் பட்டியலைக் கேட்டிருந்தாய். நூற்றுக்கும் மேற்பட்ட உருப்படிகள் ஒரே பெட்டியில் அடுக்கி வருகிற ஒரு செட்டின் படத்தையும் அனுப்பியிருந்தாய். அது வேண்டாம் என்று தொலைபேசியில் ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். ஆனால் காரணத்தைச் சொல்லாமல் விட்டால், அடுத்த தள்ளுபடியில் வேறொரு பெட்டி உன் கண்ணில் படும் என்பதால் எழுதுகிறேன்.

ராணிப்பேட்டை சிப்காட்டில் பிட்டராக இருந்த காலம் முழுவதும் நான் ஒரு கருவியை எடைபோட்ட முறை ஒன்றுதான்: வேலை நடக்கும்போது அது என் பலத்தைக் கேட்கிறதா, இல்லையா? திருப்புளியை அமுக்கிப் பிடித்தால்தான் நிற்கிறது, ரம்பத்தை முட்டித் தள்ளினால்தான் நகர்கிறது, டிரில் மிஷின் மேல் சாய்ந்தால்தான் துளை விழுகிறது என்றால், அந்தக் கருவி பொருந்தவில்லை, அல்லது மழுங்கிவிட்டது, அல்லது அந்த வேலைக்கு உரியதே அல்ல. அழுத்துகிற கை வழுக்கினால் எங்கே போய் முட்டும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அந்தப் பெட்டியின் குறையும் இதுவே. மலிவு செட்டுகளில் வருகிற திருப்புளி முனைகளும், நட்டை மூடிப் பிடிக்கிற சாக்கெட்டுகளும் பெரும்பாலும் பதம், அதாவது கடினம், போதாத இரும்பாக இருக்கும். நாலு ஸ்குருவை இறுக்கியதும் முனை உருண்டுவிடும், அதோடு ஸ்குருவின் தலையையும் கெடுத்துவிடும். அந்தப் பணத்தில் ஏழெட்டுக் கருவிகளை நல்லதாக வாங்கலாம். திருப்புளியில் உனக்கு முதலில் வேண்டியது 2-ஆம் எண் பிலிப்ஸ் முனை. வீட்டில் காணும் நட்சத்திரத் தலை ஸ்குருக்களில் பெரும்பகுதி அதற்கே சேரும். கடையிலேயே ஒரு ஸ்குருவைக் கேட்டு வாங்கி முனையில் பொருத்திப் பார். ஆடாமல் உட்கார வேண்டும். மின்சார வேலைக்கு எடுப்பதில் இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற எழுத்தும் இருக்கிறதா என்று பார். பிளாஸ்டிக் பிடி போட்டதெல்லாம் மின்காப்புப் பெற்றது ஆகிவிடாது. குறி இருந்தாலும் மெயினை அணைத்த பிறகே தொடு.

கட்டிங் பிளேயரைத் தேர்ந்தெடுக்கும்போது லாங்கு பஜாரில் நான் செய்வது இது. வாயை மூடி வெளிச்சத்துக்கு நேராகப் பிடிப்பேன். நுனி இரண்டும் சேர வேண்டும், வெட்டும் பகுதியில் வெளிச்சம் கசியக் கூடாது. பிறகு பில் தாளின் ஓரத்தை அதில் வைத்து நறுக்குவேன். தாள் கிழியாமல் துண்டாக விழுந்தால் வாங்குவேன். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

ஸ்பேனரின் திறந்த வாய் கைப்பிடிக்கு நேராக இல்லாமல் 15 டிகிரி சாய்ந்திருப்பதைக் கவனித்திருப்பாய். அது வார்ப்பில் வந்த கோணல் அன்று. வாஷ் பேசினுக்கு அடியில், கையைச் சுழற்ற இடமில்லாத மூலையில், ஒரு தடவை திருப்பிவிட்டு ஸ்பேனரைக் குப்புறப் புரட்டிப் போட்டால், அறுகோண நட்டை 30 டிகிரி இடைவெளியிலேயே மறுபடியும் பிடிக்க முடியும். இது தெரியாதவர்கள் அந்த இடத்தில் சுத்தியலைத் தேடுகிறார்கள்.

மாப்பிள்ளை புத்தக அலமாரி செய்ய ஆசைப்படுவதாகச் சொன்னாய். அப்படியானால் உளியும் சாணைக்கல்லும் சேர்ந்தே வர வேண்டும். கல்லில்லாத உளி வீண் செலவு. புது உளியைக் கடையிலிருந்து வந்தபடியே மரத்தில் வைக்கக் கூடாது. முதலில் அதன் தட்டைப் பக்கத்தைக் கல்லில் படுக்கவைத்து, விளிம்பை ஒட்டிய பகுதி முழுதும் ஒரே மினுமினுப்பாகும்வரை தேய்க்க வேண்டும். பிறகு சரிவுப் பக்கம்: 25 டிகிரி சரிவு பொதுவான வேலைக்குச் சரி, தேக்கு போன்றவற்றில் கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலால் அடித்து வேலை செய்யும்போது விளிம்பு உதிராமல் இருக்க, நுனியில் மட்டும் 30 டிகிரியாக ஒரு மெல்லிய வரி பிடித்தால் போதும். தீட்டிக்கொண்டே வரும்போது தட்டைப் பக்கத்தில் விரலை விளிம்புக்கு வெளிப்புறமாக இழுத்துப் பார்த்தால், ஒரு பிசிறு தட்டுப்படும். அந்தப் பிசிறு விளிம்பின் முழு அகலத்துக்கும் எழுந்தால்தான் தீட்டல் முடிந்தது என்று பொருள். அதைக் கல்லில் லேசாக மடக்கி எடுத்துவிட்டு, தோல்வாரில் பின்பக்கமாக இழுத்துத் தீட்டு. ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கத்தில் பிறந்தவர்களுக்குத் தோல் துண்டுக்குப் பஞ்சமா? ஒன்று அனுப்புகிறேன். ஆனால் தோலில் தீட்டலாமே தவிர, தோலுறையிலேயே உளியை வைத்துவிடாதே. பதனிட்ட தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு இரும்பைத் துரு பிடிக்க வைக்கும். அவசரத்துக்கு மோட்டார் சாணையில் பிடிப்பவர்கள் அடிக்கடி தண்ணீரில் முக்க வேண்டும். விளிம்பில் நீலம் பாய்ந்துவிட்டால் அங்கே பதம் போயிற்று. அந்த நீலம் தீரும்வரை தேய்த்துக் கழிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இனி மின்கருவிகள். உன் வீட்டுச் சுவரில் துளை விழவில்லை என்று சொன்னதைக் கேட்டதும் எனக்கு விளங்கிவிட்டது. அது செங்கல் சுவர் அன்று, கான்கிரீட். சாதாரண டிரில்லில் உள்ள சுத்தியல் அமைப்பு, பற்கள் கொண்ட இரண்டு தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று உரசித் துள்ளுவதால் உண்டாவது; செங்கல்லுக்கு அது போதும், கான்கிரீட்டில் எவ்வளவு சாய்ந்தாலும், துளையிடும் கம்பியான பிட்டின் முனைதான் சிவக்கும். கான்கிரீட்டுக்கு உரிய மிஷினான ரோட்டரி ஹேமரில், மோட்டாரால் ஓடும் பிஸ்டன் காற்றை அழுத்த, அந்தக் காற்று உள்ளிருக்கும் அடிகட்டையைத் தள்ளி அடிக்கிறது. அதை நேராகப் பிடித்திருந்தால் போதும், அழுத்துவதால் கூடுதல் பயன் எதுவுமில்லை. திரைச்சீலைக் கம்பிக்காக அதை விலைக்கு வாங்க வேண்டாம், ஒரு நாள் வாடகைக்கு எடு. மரத்திலும் இரும்பிலும் துளையிடும்போது சுத்தியல் அமைப்பை அணைத்துவிட வேண்டும். பிட் பெரிதாகப் பெரிதாக வேகத்தைக் குறைக்க வேண்டும். துப்பட்டா, தொளதொளத்த சட்டைக் கை, நூல் கையுறை ஆகிய மூன்றும் சுழலும் பிட்டின் பக்கத்தில் இருக்கக் கூடாது.

கிரைண்டரை, மாவு அரைப்பதை அல்ல, வட்டு சுழன்று இரும்பை வெட்டுகிற கைமிஷினைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். 4 அங்குல ஆங்கிள் கிரைண்டர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 11,000 சுற்று ஓடும். கணக்குப் போட்டால் வட்டின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் போகிறது. வட்டின் மேல் அச்சிட்டுள்ள உச்ச வேகம் மிஷினின் வேகத்தைவிடக் குறைவாக இருக்கவே கூடாது. நடுவிலுள்ள உலோக வளையத்தில் காலாவதித் தேதி இருக்கும், மாத்திரை அட்டையில் பார்ப்பதுபோல் அதையும் பார். காப்புத் தகட்டைக் கழற்றாதே, பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் சுவிட்சைத் தொடாதே. எல்லாவற்றுக்கும் மேலாக, மரம் அறுக்கும் பல் வட்டை அதில் மாட்டி ஓட்டுகிற பழக்கம் நம் ஊர்ப் பட்டறைகளில் தாராளமாக இருக்கிறது; மாப்பிள்ளை அதைக் காணொளியில் பார்த்திருக்கவும் கூடும். மரத்தில் பல் சிக்கிய நொடியில் மிஷின் பிடியிலிருந்து திமிறித் திரும்பி ஆளின் மேல் பாயும். எவ்வளவு பலசாலியானாலும் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. மரத்துக்கு வட்ட ரம்பம் தனியாக இருக்கிறது. அல்லது பலகையைக் கடையிலேயே அளவு சொல்லி அறுத்து வாங்கட்டும்.

நீளமான, மெலிந்த எக்ஸ்டென்ஷன் ஒயரில் வோல்டேஜ் இறங்கி மோட்டார் சூடேறும். சுருள் பெட்டியில் உள்ள ஒயரை முழுதும் அவிழ்த்துவிட்டே ஓட்ட வேண்டும். டிரில்லின் காற்றுத் துளைக்குள் நீலப் பொறி வழக்கத்தைவிடப் பெருகினால், மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கடத்துகிற ஜோடித் துண்டுகளான கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும், இரண்டையும் சேர்த்தே மாற்று. மிஷினின் உடம்பில் சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருந்தால் அது இரட்டைக் காப்புள்ளது, எர்த் முள் இல்லையே என்று பயப்பட வேண்டாம்.

பேட்டரி மிஷின் வாங்கினால் ஒரு எச்சரிக்கை. 40 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் போடக் கூடாது. அக்னி நட்சத்திரத்தில் வேலூர் வெயில் அந்த அளவைத் தாண்டுவதால் நான் விடியற்காலையில்தான் போடுகிறேன். உனக்கு வெயிலைவிட உப்புக்காற்றுதான் பகை. வேலை முடிந்ததும் இரும்பை உலர்ந்த துணியால் துடைத்து, மெஷின் ஆயில் ஒரு சொட்டு தடவி வை. தேங்காயெண்ணெய் வேண்டாம், நாளாவட்டத்தில் பிசுபிசுத்துவிடும்.

அடுத்த வாரம் அங்கே வரும் உன் அம்மாவின் பையில் சாணைக்கல்லும் தோல் துண்டும் இருக்கும். கல்லைப் பயன்படுத்தும் முன் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். உன்னிடம் ஏற்கெனவே இருக்கும் டிரில்லின் பெயர்த்தகட்டைப் படமெடுத்து அனுப்பு. அதற்குரிய கார்பன் பிரஷ் இங்கே கிடைக்கிறதா என்று பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள நைனா